மேஸ்திரி வீட்டு விலாசம்

மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்குப் போனது அதைக் கட்டுவதற்குத்தான். இதை அவரே சொல்வார். கேட்கிறவர் சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்தும் விடுவார். மற்றப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன வயதில் மணல் சட்டியைத் தலையில் தூக்கியவர். சித்தாளாக இருந்து கொத்தனார் ஆகி, கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆகி, ஒரு காலத்தில் அவர் கையசைத்தால் ஒரு கூட்டமே சாரத்தில் ஏறும், இறங்கும். ஊரில் மழைக்கு ஒழுகாத கட்டடங்களைக் காட்டச் சொன்னால் அதில் பாதியாவது அவர் கை பட்டதாக இருக்கும். கல்லூரியின் பின்கட்டு அவர் எழுப்பியது. ஆஸ்பத்திரியின் சுற்றுச்சுவர் அவர் எழுப்பியது. சும்மா சொல்லக் கூடாது, இன்றைக்குத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தாலும் ஒரு நூல் விலகாது. ஒன்றுமில்லாமல் வந்து தன் கையால் மேலே ஏறியவனுக்கென்று ஒரு நடை இருக்கிறது. அந்த நடை மேஸ்திரியிடம் இன்னும் இருக்கிறது. முழங்கால்தான் போய்விட்டது.

அவருடைய சொந்த வீடு மட்டும் மெதுவாக எழுந்தது. வார நாளெல்லாம் ஊருக்கு, ஞாயிற்றுக்கிழமை தனக்கு. மனைவி கீழே நின்று செங்கல்லை வீச, அவர் மேலே நின்று பிடிப்பார். "கல்லைப் பார்க்காதே, என்னைப் பார்த்து வீசு" என்பார். "உங்களைப் பார்த்து வீசணும்னு எனக்கும் ஆசைதான்" என்று அந்த அம்மாள் பதில் சொன்னதை மேஸ்திரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் பிறந்தபோது ஜன்னலில் சாக்கு தொங்கியது. மகள் கல்யாணமாகிப் போனபோது மாடியில் குளியலறையோடு ஒரு தனி அறை எழும்பி, வெளிப்பக்கமாகப் படியும் இறங்கிவிட்டது. யாரிடமும் கை நீட்டாமல் கட்டிய வீடு. அப்படிப்பட்ட வீட்டில், மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மேஸ்திரி ஒருவர்தான் மிச்சம்.

பேச ஆள் இல்லாதவர் என்று அவரைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுவார். பாலம் இடிந்த செய்தி வந்தால் அன்றைக்கு முழுக்க அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய் நிற்பார். தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே பேசுகிற ஆள், அதனால் மேஸ்திரி சொல்வதில் பாதி மெஷினுக்குத்தான் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வீட்டை விக்கிறதைப் பத்தி என்ன முடிவு பண்ணீங்க, இங்கே எங்களோட வந்து இருக்கலாமே என்பாள். கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது. ஒருநாள் கேட்டுவிட்டது. "நான் கட்டின வீட்டை விட்டுட்டு உன் அபார்ட்மெண்ட்ல வந்து அட்டைப்பெட்டிக்குள்ள உட்காரவா?" என்றார். அதற்கடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தது, ஆனால் பேச்சு சுருங்கிப்போயிருந்தது.

மாடி அறைக்கு அந்தப் பெண் குடிவந்தது கல்லூரி விடுதியில் இடம் இல்லாததால். வேறு தேசத்துப் பெண். மருந்தாளுநர் படிப்புக்கு வந்தவள். ஒரு சக்கரம் உடைந்த பெட்டியைப் படியில் தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏறியவளை, "படி உடைஞ்சா போட்டுக்கலாம், பெட்டி உடைஞ்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டு, அவரே தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். அவள் முதலில் சார் என்று கூப்பிட்டாள். சார் எல்லாம் வேண்டாம், அது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு என்று அவர் சொல்ல, அவளுக்கு என்ன கூப்பிடுவதென்று தெரியவில்லை. தாத்தா என்றாள். முகம் போன போக்கைப் பார்த்து, பெரியப்பா என்று மாற்றிக்கொண்டாள். அதுவே நிலைத்துவிட்டது.

படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தங்குகிற அனுமதி கொடுப்பதற்கென்று ஊரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. பெர்மிட் ஆபீஸ் என்பார்கள். பெர்மிட் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டும். வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறாள் என்று கல்லூரி காகிதம் கொடுக்க வேண்டும். இவள் என் வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். குடி மாறினால் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ஆபீஸிலிருந்து வருகிற கடிதம் எல்லாம் பதிவான விலாசத்துக்குத்தான் வரும். வாங்கவில்லை, பார்க்கவில்லை என்ற பேச்சு எடுபடாது. இதையெல்லாம் அந்தப் பெண் முதல் நாளே மேஸ்திரிக்கு விளக்கிச் சொன்னாள். மேஸ்திரிக்கு அதில் ஒன்றுதான் மனசில் நின்றது. தன் கையெழுத்து இல்லாமல் ஒரு தேசத்துப் பெண் இன்னொரு தேசத்தில் இருக்க முடியாது. அதைத் தெருவுக்கே சொன்னார். கையெழுத்தைப் பெரிதாகப் போட்டதில் அது கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆபீஸில் அதைக் காட்டிக் கேட்டபோது, "கட்டத்தைச் சின்னதாப் போட்டிருக்கீங்க" என்றார்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் மாடித் தளம் அவர் போட்ட தளம். சென்ட்ரிங் பலகை அடித்ததிலிருந்து, காங்கிரீட் இறுகத் தண்ணீர் கட்டியது வரை அவர் கை. எந்த இடத்தில் கால் வைத்தால் கீழே எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். கீழே கட்டிலில் படுத்துக்கொண்டே, இப்போது அடுப்புப் பக்கம் நிற்கிறாள், இப்போது ஜன்னல், இப்போது நாற்காலியை இழுக்கிறாள் என்று சொல்லிவிடுவார். பரீட்சை வந்தால் கால் சத்தம் அங்குமிங்குமாக நடக்கும். ஊரிலிருந்து போன் வந்தால் ஒரே இடத்தில் நிற்கும். மேலே ஒரு கால் நடக்கிறது என்பதே போதும், கீழே ஒரு ஆள் நிம்மதியாகத் தூங்குவதற்கு. சாயங்காலம் டீ போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுவார். அவள் படியில் உட்கார்ந்து குடிப்பாள். அவர் ஆஸ்பத்திரிச் சுவர் கதையைச் சொல்வார். அவள் அதை முதல் தடவை கேட்பதுபோலவே ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் கிடைப்பது சாதாரணமா?

கடைசி வருஷம் அவளுக்கு ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவமனையில் பயிற்சி போட்டார்கள். விடிகாலையில் போய் நிற்க வேண்டும். இங்கேயிருந்து இரண்டு பஸ். கூடப் படிக்கிற பெண்கள் இருவர் அந்தப் பக்கம் அறை எடுத்திருந்தார்கள். அங்கே ஒரு கட்டில் காலியாக இருந்தது. தயங்கித் தயங்கி ஒருநாள் டீ நேரத்தில் சொன்னாள். அடுத்த வாரம் போகிறேன், பெர்மிட் ஆபீஸில் விலாசத்தை மாற்ற வேண்டும், அதற்கு இங்கே காலி செய்துவிட்டேன் என்று நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

மேஸ்திரி டீயைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவள் போவதில் நியாயம் இருந்தது, அவருக்கே தெரிந்தது. அவர் மனசு வேறெங்கோ ஓடியது.

"விலாசத்தை எதுக்கு மாத்தறே? இங்கேயே இருக்கட்டும்."

"ரூல்ஸ் இருக்கே பெரியப்பா."

"வீட்டுக்காரன் நான். நான் சொல்றேன், நீ இங்கதான் இருக்கே. எவன் வந்து கேக்கப் போறான்? வாடகை ஒண்ணும் வேண்டாம். ரூம் பாட்டுக்குக் கிடக்கட்டும். லெட்டர் எல்லாம் இங்க வரும், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ."

தோழிகள் எடுத்திருந்த அறையின் சொந்தக்காரர் மூன்றாவது ஆளுக்குக் கையெழுத்துப் போட முகம் சுளிக்கிறார் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மேஸ்திரி எதுக்காக அப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்கே முழுசாகத் தெரியாது.

சொன்னபடி சனிக்கிழமை வந்தாள். கடிதங்களை வாங்கிக்கொண்டாள். டீ குடித்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் கதை கேட்டாள். அந்த நாளுக்காக மேஸ்திரி வெள்ளிக்கிழமையே வாசலைக் கழுவிவிட ஆரம்பித்தார். மாடி அறையையும் பெருக்கித் துடைத்து, போர்வையை மடிப்புக் கலையாமல் விரித்து வைத்தார்.

பிறகு ஒரு வாரம் கடிதம் ஒன்றும் வரவில்லை. அவள் போனில், "லெட்டர் இருக்கா பெரியப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "அப்ப இந்த வாரம் விட்டுடறேன், டியூட்டி இருக்கு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மேஸ்திரி டீ போடவில்லை. பால் திரிந்துபோனது.

அதற்கடுத்த வாரம் இரண்டு கடிதம் வந்தது. மேஸ்திரி இரண்டையும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றை வெளியே வைத்தார். இன்னொன்றை அலமாரியில், துண்டுக்கு அடியில் வைத்தார், அடுத்த வாரத்துக்கு.

அப்படித்தான் ஆரம்பித்தது. எந்தக் கடிதம் பேங்கிலிருந்து, எது போன் கம்பெனியிலிருந்து, எது கல்லூரியிலிருந்து என்று அவருக்கு உறையைப் பார்த்துத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பார், அதுவும் தமக்கு வந்ததை மட்டும். அடுத்தவர் கடிதத்தைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதில் அவர் ரொம்பக் கறார். சாந்து கலக்கும்போது சிமெண்டைச் சிக்கனமாகப் பங்கிடுகிற மாதிரி, கடிதங்களைப் பங்கிட்டார். நிறைய வந்த வாரம் மிச்சம் பிடித்தார், வறண்ட வாரத்தில் எடுத்து நீட்டினார். இப்போது எந்தச் சனிக்கிழமையும் வெறுமையாகப் போவதில்லை. போனில் அவள் கேட்டால், "இருக்கு, ஒண்ணு வந்திருக்கு" என்று உடனே பதில் சொல்ல முடிந்தது.

அப்படித் துண்டுக்கு அடியில் காத்துக் கிடந்ததில் ஒன்று பெர்மிட் ஆபீஸ் கடிதம். புதுப்பிப்பதற்கு இன்ன தேதிக்கு நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. அவள் கையில் அது போனபோது தேதி கடந்துவிட்டிருந்தது.

படியில் நின்றபடியே பிரித்துப் படித்தாள். டீயைத் தொடவில்லை. "இது எப்ப வந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டாள். மேஸ்திரி தபால்காரரைத் திட்டினார். இந்தக் காலத்தில் தபாலே இப்படித்தான், முன்பெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா என்று பேசிக்கொண்டே போனார். அவள் நம்பினாள். நம்பிவிட்டாள் என்பதை அவரும் பார்த்தார். ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை.

அவள் ஆபீஸுக்குப் போன் பண்ணினாள். கூப்பிட்ட தேதிக்கு வராதவர்கள் சொன்ன விலாசத்தில் உண்மையாகவே இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் வருவார் என்றார்கள். அவள் அழாத குறையாக மேஸ்திரியிடம் வந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றாள். "அதை என்கிட்ட விடு" என்றார் மேஸ்திரி. "எத்தனை இன்ஜினியரைப் பார்த்தவன் நான்."

ஆள் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், கையில் ஒரு டேப்லெட். வீட்டை வெளியிலிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. மேஸ்திரி அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தார். மாடிக்கு ஏறும்போது ஒவ்வொரு படியின் உயரத்துக்கும் காரணம் சொன்னார். அறையில் கட்டில் இருந்தது, போர்வை இருந்தது, மேஜை மேல் அவள் விட்டுப்போன புத்தகங்கள் இருந்தன. இங்கேதான் தங்குகிறாளா என்று கேட்டதற்கு, ராத்திரியெல்லாம் ஒரே படிப்பு, விளக்கை அணைப்பதே இல்லை என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் வந்தவர் இறங்கிப் போயிருப்பார்.

ஆனால் குளியலறையைக் காட்டாமல் ஓர் ஆளை அனுப்பினால் அவர் மேஸ்திரியே இல்லை. "தரையோட வாட்டம் பாருங்க. ஒரு சொட்டுத் தேங்காது. பைப்பும் நான் போட்டதுதான்" என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. காற்றைத் துப்பியது. பிறகு செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது.

மாதக்கணக்காகத் திறக்காத குழாயில்தான் அப்படி வரும். அதை மேஸ்திரியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அறையைப் பெருக்கினார், துடைத்தார், போர்வை விரித்தார். குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. லைனில் ஏதோ வேலை நடக்கிறது என்றார். வந்தவர் தலையாட்டினார். கீழே வந்ததும் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். மேஸ்திரி சமையலறைக் குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. வந்தவர் அதைக் குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கீழே வைத்தார்.

இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. இந்தக் கடிதத்தை மேஸ்திரி வந்த நிமிஷமே போன் போட்டுச் சொன்னார்.

பெர்மிட் ஆபீஸ் கூடத்தில் உட்கார இடமில்லை. எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் மாறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. மேஸ்திரி சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். பூச்சு உள்ளே பிடிக்கவில்லை, பொள்ளென்று சத்தம் வந்தது. அதை அவளிடம் சொல்லத் திரும்பினார். அவள் கையை இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கவுண்டரில் இருந்த அம்மாள் நடுவயசுக்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார். இந்த ஊரில் விலாசத்தை விற்பது ஒரு தொழிலாகிவிட்டது, ஒரே வீட்டின் பெயரில் ஒரு கூட்டமே பதிவு செய்துகொண்டு எங்கோ இருக்கிறார்கள் என்று சொன்னார். பணம் கொடுத்து விலாசம் வாங்கியது என்று தெரிந்தால் பெர்மிட் புதுப்பிக்க மாட்டோம். கடைசி வருஷமானாலும் சரி, படிப்பை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார். அந்தப் பெண், தபால் தாமதமாகிவிட்டது, அதனால்தான் வர முடியவில்லை என்றாள். "எல்லாருக்கும் தபால்தான் லேட்டும்மா" என்றார் அந்த அம்மாள். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"இந்த விலாசத்துக்கு எவ்வளவு வாங்கினீங்க?"

மேஸ்திரிக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது. ஒரு மூட்டை சிமெண்டில் கைவைத்தான் என்று அவரை ஆயுசில் ஒருவர் சொன்னதில்லை. "நான் ஒண்ணும் வாங்கல" என்றார்.

"வாங்கலையா? அப்ப எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்திருந்தாள். தபால் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நிற்கலாம். நின்றால் பணத்துக்காகத்தான் என்று எழுதிக்கொள்வார்கள். எழுதினால் அவள் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

"தபால் லேட் இல்லம்மா. லெட்டர் அப்பவே வந்துடுச்சு. நான்தான் குடுக்காம வச்சிருந்தேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். மேஸ்திரி அவள் பக்கம் பார்க்கவில்லை.

"வாரத்துக்கு ஒண்ணு குடுத்தா வாராவாரம் வரும். ரெண்டையும் சேத்துக் குடுத்தா அடுத்த வாரம் வராது. அதான் வச்சிருந்தேன். விலாசத்தை மாத்தாதேன்னு சொன்னதும் நான்தான். இந்தப் பொண்ணு மாத்தணும்னுதான் சொல்லிச்சு. மாத்திட்டா அதுக்கு நம்ம வீட்டுக்கு வர்ற வேலையே இல்லையே."

கவுண்டர் அம்மாளின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுபோயின. "உங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். அது ஆபீஸ் கேள்வி இல்லை.

"மக இருக்கா. நல்லா இருக்கா."

அந்த அம்மாள் டைப் அடித்தார். கொஞ்சம்தான் அடித்தார். காகிதத்தை எடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார். மேஸ்திரி விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். வீட்டு உரிமையாளர் தனிமையின் காரணமாகக் கடிதங்களைத் தாமதப்படுத்தியதாகவும், முகவரி மாற்றத்தைத் தடுத்ததாகவும் தெரிவிக்கிறார் என்று இருந்தது. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இந்த வார்த்தையை நான் சொல்லலையே."

"நீங்க சொன்னதைச் சுருக்கி எழுதியிருக்கேன். வேற எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க, மாத்திடறேன்."

மேஸ்திரி அந்த வரியை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினார். வேறு எப்படி எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு எச்சரிக்கையோடு விட்டார்கள். உண்மையாக இருக்கிற விலாசத்தை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும், அந்த வீட்டுக்காரரிடம் ஆபீஸே பேசும், பதிந்ததும் புதுப்பிக்கத் தேதி தருவார்கள். மேஸ்திரியும் இனிமேல், மறு உத்தரவு வரும்வரை, வெளிநாட்டு மாணவர் யாருக்கும் தன் வீட்டு விலாசத்தைக் கொடுக்கக் கூடாது. அவர் கையெழுத்து அந்த ஆபீஸில் செல்லாது. இதை அந்த அம்மாள் வருத்தத்தோடுதான் சொன்னார். மேஸ்திரி, "சரிம்மா, அது நியாயம்தானே" என்று அவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அவள். மேஸ்திரி ரோட்டில் போகிற கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கட்டிய ஒன்று கடந்து போனது. அதைச் சொல்லவில்லை.

"எத்தனை லெட்டர் அப்படி வச்சிருந்தீங்க?"

"எண்ணல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே பெரியப்பா."

"போன் பண்ணி என்னத்தைச் சொல்ல?"

"வான்னு சொல்லியிருக்கலாம்."

மேஸ்திரி எத்தனையோ பேரை வா என்று கூப்பிட்டிருக்கிறார். சாந்து கொண்டு வா, பலகை கொண்டு வா, ஏணியைப் பிடிக்க வா. ஒரு வேலையும் இல்லாமல் சும்மா வா என்று யாரைக் கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தார். மனைவியைக்கூட அப்படிக் கூப்பிட்டதாக ஞாபகம் வரவில்லை. கூப்பிடத் தேவையில்லாமல் அந்த அம்மாள் எப்போதும் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். கை நீட்டாமல் வாழ்ந்த மனிதனுக்கு அந்த ஒரு சொல் கை நீட்டுகிற மாதிரிதான் இருக்கும். இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வருஷம் போயிருக்கும்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு தேசத்துக்கு நடுவில் தன் பெட்டி நின்றதை நினைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"ஆமாம்மா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். "என் ஸ்டாப் வந்துடுச்சு. நான் வரேன் பெரியப்பா" என்று இறங்கினாள். இத்தனை சனிக்கிழமையில், நீ எங்கே இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் வருவதை மட்டும்தான் நினைத்தார். எங்கிருந்து வருகிறாள் என்று நினைக்கவில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து எட்டிப் பார்த்தார். ரோட்டைக் கடந்து, பூசாத செங்கல் சுவரோடு இருந்த ஒரு உயரமான கட்டடத்துக்குள் அவள் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டினாளா, தலைமுடியை ஒதுக்கினாளா என்று தெரிவதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

அவளுக்குப் பெர்மிட் வந்துவிட்டது. அதைப் போனில் சொன்னாள். இங்கே நல்ல வீட்டுக்காரர் என்றும் சொன்னாள். ஒருநாள் வருகிறேன் என்றாள். மேஸ்திரி, சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, அந்தக் கட்டடத்துக்கு மழைக்கு முன்னால் பூச்சுப் பூசச் சொல்லு என்றார். வா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளை யாரோ டியூட்டிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தையல்காரர் கடைக்குப் போய் நின்றார். ஆபீஸ் விஷயம் என்ன ஆயிற்று என்று தையல்காரர் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது, நான் நேரில் போய் நின்றதால்தான் கிடைத்தது என்றார் மேஸ்திரி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"என்னையே கேட்டாங்க. நான் சொன்னேன். சொன்னதை டைப் அடிச்சு, என்கிட்டயே காட்டிக் கையெழுத்து வாங்கி, பத்திரமா வச்சுக்கிட்டாங்க."

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்துவது அபூர்வம். "அப்படி என்ன மேஸ்திரி சொன்னீங்க?"

மேஸ்திரி ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். தையல்காரர் ஊசியில் நூலைப் பிடித்தபடி உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆபீஸ் சுவத்துல பூச்சு சரியா பிடிக்கலைன்னு சொன்னேன்" என்றார்.

தையல்காரர் சிரித்தார். இவரைத் தவிர வேறு யார் அங்கே போய் அதைச் சொல்வார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்தார். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவர் உடனே போகவில்லை. தைத்து முடித்த துணிகள் ஒவ்வொன்றாக மடிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு, கடை விளக்கை அணைக்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.